தோட்ட நூல்களைப் பரிந்துரைப்பது எப்படி? குமரி மாவட்ட ஆர்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘தோட்டம் போடுவதற்கு நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்’ என்று யாராவது கேட்டால், நமக்குப் பிடித்த நூலின் பெயர்தான் முதலில் நாவில் வந்து நிற்கும். அப்படிச் சொல்லி வாங்கவைத்த நூல்களில் பல, முதல் அத்தியாயத்தைத் தாண்டாமலே அலமாரிக்குப் போய்விடுகின்றன. நூலில் குறை இருப்பதால் அப்படி நேர்வது அரிது. வேறொரு மண்ணுக்கும் வேறொரு மழைக்கும் எழுதப்பட்ட நூலை, கேட்டவருடைய நிலத்தை விசாரிக்காமலே கையில் கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் சற்று அதிகம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே இரண்டுமே பெய்கின்றன. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் செம்புரை மண்ணும் ரப்பரும் மரச்சீனியும். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயின் வறண்ட காற்றும் முப்பந்தலின் காற்றாலைகளும். தெற்கே உப்புக்காற்று வீசும் கடற்கரை மணல். வடக்கே கிராம்பும் நல்லமிளகும் விளையும் மாறாமலை. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இவை அத்தனையும் வந்துவிடுகின்றன. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த இம்மாவட்டத்தின் பயிர்முறை இன்றும் பாதி திருவிதாங்கூர் வழக்கிலும் பாதி பாண்டிநாட்டு வழக்கிலுமாக நிற்கிறது. ஆகவே கோயம்புத்தூரில் எழுதப்பட்ட நூலும் திருச்சூரில் எழுதப்பட்ட நூலும் நமக்குப் பாதிப் பாதிதான் பொருந்தும். எந்தப் பாதி, யாருக்குப் பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தவரே இங்கே பயனுள்ள பரிந்துரையாளர்.

முதற்படி: நூலைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிலத்தைப் பற்றிக் கேளுங்கள்

கேட்பவரின் தோட்டம் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை சென்ட், தரையா மொட்டைமாடியா, கிணறு உண்டா குழாய்த்தண்ணீரா, இப்போது அங்கே என்ன நிற்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் கடைசிக் கேள்வியே மிகவும் பயன்படும். பழைய தென்னைகளும் ஒரு பலாவும் நிற்கிற விளைக்கு நிழலில் வளரும் பயிர்களைப் பற்றிய நூல் வேண்டும். வெயிலை மட்டுமே எண்ணி எழுதப்பட்ட காய்கறி நூலை அவரிடம் கொடுத்தால் தக்காளி நெட்டையாக வளர்ந்து காய்க்காமல் நிற்கும். தேங்காய்ப்பட்டணத்திலோ முட்டத்திலோ கடலை ஒட்டி வீடு இருப்பவருக்கு உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை, பூவரசு, தாழை போன்றவற்றைப் பற்றி எதுவும் சொல்லாத நூல் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் பயன்படாது.

அவர் எந்த மொழியில் சரளமாகப் படிப்பார் என்பதையும் கேட்கத் தயங்க வேண்டாம். மேற்கு வட்டங்களில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேரளத்துப் பயிர் நூல்களின் கதவு திறந்தே இருக்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் என்பதற்காக ஆங்கிலத் தாவரவியல் நூலைப் படித்துவிடுவார் என்று எண்ணக் கூடாது. அதன் கலைச்சொற்கள் தனி மொழியாகவே இருக்கும்.

இரண்டாம் படி: அவர் உண்மையில் எதைத் தேடுகிறார் என்பதைப் பிரித்தறியுங்கள்

‘செடி புத்தகம்’ என்ற ஒரே பெயரில் ஐந்து வெவ்வேறு தேவைகள் ஒளிந்திருக்கின்றன. நட்டு வளர்க்கும் முறை தெரிய வேண்டும் என்பது ஒன்று. வழியில் கண்ட மரத்தின் பெயர் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. மூலிகையின் பயன், இலக்கியத்தில் வரும் மலர், உழவைப் பற்றிய சிந்தனை ஆகியவை மற்றவை. முதல் தேவையோடு வந்தவருக்கு ஐந்தாம் வகை நூலைக் கொடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. கத்தரிச் செடியில் தண்டுத்துளைப்பான் விழுந்து கலங்கி நிற்பவருக்கு இயற்கையின் தத்துவம் அப்போது வேண்டியதில்லை. அந்தப் புழுவை எப்படி நிறுத்துவது என்ற பக்கம்தான் வேண்டும்.

மூன்றாம் படி: நூலை நம் மண்ணில் வைத்துச் சோதியுங்கள்

இந்தப் படிதான் நேரம் பிடிக்கும்; இதைச் செய்யாமல் எந்த நூலையும் பிறருக்குச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நூல் முழுவதையும் படித்து முடிக்க வேண்டும் என்பதில்லை. சில இடங்களைத் திறந்து பார்த்தாலே அதன் தரமும் எல்லையும் தெரிந்துவிடும்.

முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள், அதன்பின் பயிர்ப் பாதுகாப்பு அத்தியாயத்துக்குச் செல்லுங்கள். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. ஆனால் அதற்கு முன்பு அச்சான நூல்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன, அவற்றில் அந்த மருந்து சாதாரணமாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். அதே போலத் தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016-இல்தான் கண்டறியப்பட்டது. ஓலையின் அடியில் சுருள்சுருளாக வெள்ளை முட்டைகளும், கீழ் ஓலைகளின் மேல் கரும்பூஞ்சணமும் கண்டு பதறி வருபவரிடம் 2005-ஆம் ஆண்டுத் தென்னை நூலைக் கொடுத்தால் அதில் அவருக்கு ஒரு வரி கூடக் கிடைக்காது. பழைய நூல் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடவு, நிழல், இடைவெளி, ஊடுபயிர் ஆகியவற்றைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்வது பெரும்பாலும் இன்றும் நிற்கும். மருந்துப் பகுதியை மட்டும் விலக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

அடுத்து வாழை அத்தியாயம். குமரிக்கு ஒரு நூல் பொருந்துமா என்று அறிய இதைவிட விரைவான சோதனை இல்லை. மட்டி, ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோட்டான், ரசகதலி என்று நம் சந்தையில் தொங்கும் தார்களில் எத்தனை அதில் இடம்பெற்றிருக்கின்றன என்று பாருங்கள். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; அப்படியிருந்தும் மட்டியைப் பெயரளவில்கூடக் குறிப்பிடாமல், திசு வளர்ப்பு ஜி9 வாழையை மட்டும் விரிவாகப் பேசும் நூல் பெருந்தோட்டக்காரருக்கு எழுதப்பட்டது என்று கொள்ளலாம். வாழைக்கு முட்டுக்கொடுப்பதைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் தோவாளைப் பக்கம் வீசும் காற்றை அறிந்தவர்களுக்கு அந்தப் பத்தி எவ்வளவு முக்கியமென்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக மண்ணைப் பற்றிய பகுதி. மழை மிகுந்த மேற்குப் பகுதிகளில் தொடர்ந்து பெய்யும் நீர், மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் அடித்துக்கொண்டு போய்விடுவதால் செம்புரை மண் புளித்தன்மை அடைகிறது. அங்கே சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்யச் சொல்லும் நூல் தேவை. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல்கள் பலவும் களர், உவர் நிலங்களைப் பற்றியே பேசும், ஜிப்சம் இடச் சொல்லும், இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு மருந்து சொல்லும். செம்புரை மண்ணின் நிறமே இரும்பால் வந்தது என்பதால் அந்த அறிவுரைகள் மார்த்தாண்டத்துத் தோட்டத்துக்கு நேராகப் பொருந்துவதில்லை. ஒரு நூலில் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு பத்தியாவது இருந்தால் அதன் ஆசிரியர் பல நிலங்களைக் கண்டவர் என்று நம்பலாம்.

பருவம் நான்காவது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை அப்படியே பின்பற்றும் காய்கறி நூல்கள் ஏராளம். நம் மேற்குப் பகுதியில் ஆடி மாதம் தென்மேற்கு மழையின் நடுவில் வருகிறது; மிளகாய், தக்காளி நாற்றுகள் அந்த ஈரத்தில் கழுத்தழுகி விழுந்துவிடும். இங்கே நெல்லே கன்னிப்பூ, கும்பப்பூ என்று தனிக் கணக்கில் விளைகிறது. கும்பப்பூ அறுத்த வயலில் கோடைக் காய்கறி போடுவது நம் வழக்கம். ஆகவே விதைப்பு அட்டவணை உள்ள நூலைக் கொடுக்கும்போது, அந்த அட்டவணைக்கு மேலே நம் பருவத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுப்பது நல்லது. வெளிநாட்டு நூல்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். உறைபனி முடிந்த நாளிலிருந்து கணக்கிடும் நூல் நமக்கு எதையும் சொல்லாது; ‘முழு வெயில்’ என்று இங்கிலாந்துத் தோட்டக்காரர் எழுதுவதை நம்பி, சித்திரை வெயிலில் மென்மையான பூச்செடியை வைத்தால் இரண்டு நாளில் கருகிவிடும்.

அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகக் கையேடுகள் எல்லாம் ஹெக்டேர் கணக்கில் பேசுகின்றன. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 247 சென்ட். ஹெக்டேருக்கு 25 டன் தொழுஉரம் என்று நூல் சொன்னால், 10 சென்ட் நிலத்துக்கு அது ஒரு டன். மொட்டைமாடிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. தென்னைக்கு 7.5 மீட்டர் இடைவெளி என்று இருந்தால், 5 சென்ட் மனையில் வீட்டையும் கட்டிவிட்டு எத்தனை தென்னை வைக்க முடியும் என்பது தானாக விளங்கும். இந்தக் கணக்கை நூலின் உள்ளட்டையில் நீங்களே எழுதிக் கொடுத்தால், கேட்டவர் முதல் நாளே நூலைப் பயன்படுத்தத் தொடங்குவார்.

கடைசியாகப் பெயர்ப் பட்டியல். பொருளகராதியே இல்லாத தோட்ட நூலை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் நம் ஊர்ப் பெயர் இல்லாமலிருக்கலாம். மரச்சீனியை மரவள்ளியிலும், சக்கையைப் பலாவிலும் தேடச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். தாவரவியல் பெயர்களும் மாறிக்கொண்டிருப்பவை. பழைய நூல்கள் ஆவாரையைக் காசியா ஆரிகுலேட்டா என்று குறிக்கும். இன்று அது சென்னா ஆரிகுலேட்டா. இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையத் தரவுத்தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் புதிய பெயர் வந்துவிடும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்காம் படி: தேவைக்கேற்ற நூலைத் தேர்ந்தெடுங்கள்

வளர்க்கும் முறைக்கு, நல்ல அட்டைப்படம் உள்ள வணிக நூல்களைவிடப் பல்கலைக்கழக வெளியீடுகளையே முதலில் சொல்வேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பயிர்க் கையேடு கிழக்கு வட்டங்களுக்கு நன்றாகப் பொருந்தும். அப்பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் திருப்பதிசாரத்திலும் பேச்சிப்பாறையிலும் இருப்பதால், நூலில் படித்ததை நேரில் சென்று கேட்டுத் தெளியவும் வழி உண்டு. கல்குளத்துக்கு மேற்கே, தென்னைக்குக் கீழே மிளகும் கிழங்கும் வாழையும் கலந்து நிற்கும் வீட்டுவிளைகளுக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பரிந்துரைத் தொகுப்புதான் நெருக்கமானது. மண்ணும் மழையும் கலப்புப் பயிர்முறையும் அங்கே நம்முடையவை போலவே இருக்கின்றன. கிழங்கு வகைகளில் ஆர்வம் கொண்டவரைத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளுக்கு அனுப்பலாம். நாகர்கோவிலிலிருந்து அது எட்டாத தூரமன்று.

மரங்களை அடையாளம் காண விரும்புகிறவர்களில் தொடக்கநிலையினருக்கு, நேஷனல் புக் டிரஸ்ட் 1966-இல் வெளியிட்ட எச். சாந்தப்பாவின் பொது மரங்கள் பற்றிய சிறு ஆங்கில நூல் போதும். சாலையோரத்திலும் கோயில் வளாகத்திலும் நிற்பவை பலவும் அதில் வந்துவிடும். கீரிப்பாறைக்கோ பேச்சிப்பாறைக்கு மேலேயோ மலையேறுகிற ஆர்வலருக்கு அது போதாது. பாஸ்கல், ரமேஷ் இருவரும் எழுதிப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1987-இல் வெளியிட்ட, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களுக்கான அடையாள நூலை அவருக்குச் சொல்லலாம். பூவும் காயும் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கும் காட்டில், இலை, பட்டை, பால் ஆகியவற்றைக் கொண்டே மரத்தை அறிய வழிகாட்டுவது அதன் சிறப்பு. 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்து, கேம்பிளுக்குப் பின் பிஷர் முடித்துவைத்த சென்னை மாகாணத் தாவர நூல் ஆராய்ச்சியாளருக்குரியது. படமே இல்லாத அந்த நூலைப் புதியவருக்குச் சொன்னால் அவர் செடிகளையே வெறுத்துவிடக் கூடும். கே. எம். மாத்யூவின் 1991-ஆம் ஆண்டு நூல் சிறந்ததுதான். தலைப்பே மத்தியத் தமிழ்நாடு என்று சொல்வதால் நம் மலைச்செடிகளை அதில் தேடச் சொல்வது முறையாகாது.

ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த, மலபார்த் தாவரங்களை விவரிக்கும் இலத்தீன் நூலான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸைப் பற்றி யாராவது கேட்பது உறுதி. கே. எஸ். மணிலாலின் ஆங்கிலப் பதிப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. அதன் செதுக்குப் படங்களுக்காகவே நூலகத்தில் ஒரு முழு நாள் உட்காரலாம். அதைத் தோட்ட நூலாக நினைத்துச் செலவு செய்துவிட வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தமிழ் இலக்கிய ஆர்வத்தோடு செடி வளர்ப்பவர்கள் தனி இனம். குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களில் எத்தனை தம் வீட்டில் உள்ளன என்று எண்ணுகிறவர்கள் அவர்கள். பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ ஆகிய இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டும். சில மலர்களை இன்ன செடி என்று உறுதியாகச் சொல்வதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஒரே நூலை மட்டும் படித்தவர், அது சொல்லும் செடிதான் வேண்டுமென்று நாற்றங்காலில் போய் அடம்பிடிப்பார்.

மூலிகைக்கு முருகேச முதலியாரின் ‘குணபாடம் மூலிகை வகுப்பு’ நிலைபெற்ற நூல். மருந்துவாழ் மலையைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் என்பதால் இந்த நூலுக்கு இங்கே எப்போதும் ஆள் உண்டு. அது மருத்துவம் கற்றவருக்கு எழுதப்பட்டது என்பதையும், படித்துவிட்டுத் தாமே மருந்து செய்து உண்ணக் கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு உயிரைக் கொல்லும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதையும் அரளியையும் வளர்க்கத் தூண்டும் நூல் என்றால் எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும்.

சிந்தனை நூல்களில் மசனோபு ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ எல்லோர் வாயிலும் வரும் பெயர். 1975-இல் ஜப்பானிய மொழியில் வந்த அந்நூல், ஷிகோகு தீவின் குளிர்காலத்தில் நெல்லையடுத்துப் பார்லி விதைத்தவர் எழுதியது. அதன் துணிவைக் கற்கலாம், அதன் நாட்காட்டியைப் பின்பற்ற முடியாது. நம்மாழ்வாரின் நூல்களும் அப்படியே: மனத்தை மாற்றும், உர அட்டவணை தராது. இரண்டு பருவமாவது மண்ணில் கைவைத்தவருக்கு இவற்றைச் சொன்னால் பயன் அதிகம்.

ஐந்தாம் படி: பரிந்துரையை எழுத்தில் கொடுங்கள்

நூலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. எந்தப் பக்கம், எதை விட்டுவிடலாம், எங்கே திருத்திப் படிக்க வேண்டும் என்ற மூன்றும் சேர வேண்டும். கருங்கல் பக்கம் 10 சென்ட் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு சகோதரிக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டால், அது இப்படி அமையலாம்:

‘அக்கா, நீங்கள் கேட்டது தென்னைக்கு அடியில் மிளகும் கிழங்கும் வைப்பதைப் பற்றி. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைத் தொகுப்பில் தென்னை, நல்லமிளகு, கிழங்குகள் ஆகிய மூன்று அத்தியாயங்கள் போதும். மற்றவற்றை இப்போது தொட வேண்டாம். உர அளவுகள் ஹெக்டேருக்கு என்று இருக்கும் இடத்தில் 25-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு இவ்வளவு என்று இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மண்ணுக்குச் சுண்ணாம்பு இடச் சொல்வதை விட்டுவிடாதீர்கள், முன்னதாக மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்துவிடுங்கள். மருந்துகளின் பெயரை மட்டும் வேளாண் அலுவலரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள்.’

நூலின் குறையையும் எழுதிவிடுவதால் அதன் மேல் மதிப்புக் குறையாது. குறை தெரிந்தவர் ஏமாற்றம் அடையாமல் தொடர்ந்து படிப்பார். நூலை நீங்கள் முழுமையாகப் படிக்கவில்லையென்றால் எந்த அத்தியாயம் வரை படித்தீர்கள் என்பதையும் குறிப்பிடுவது நேர்மை.

ஆறாம் படி: நூல் கிடைக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்

விலைகூடிய நூலை முதலில் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் தேடச் சொல்லலாம். தாவரவியல் துறை உள்ள கல்லூரிகளின் நூலகங்களில் அனுமதி பெற்றுப் பார்க்கவும் இயலும். பழைய தமிழ் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், காப்புரிமை முடிந்த ஆங்கிலத் தாவர நூல்கள் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கையேடுகளை வாங்கும்போது ஆண்டைப் பார்த்துப் புதிய பதிப்பையே வாங்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், தோட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய ஓரிரு பக்கங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நல்லது; மண்கையோடு புரட்டிய நூல் அடுத்தவர் கைக்குப் போகும் நிலையில் இருப்பதில்லை.

ஏழாம் படி: பயிர் பலன் தரும் காலத்தில் விசாரியுங்கள்

பரிந்துரைத்த நூல் பயன்பட்டதா என்று கேட்க வேண்டிய நேரத்தைப் பயிர்தான் தீர்மானிக்கிறது. கீரை நூலென்றால் ஒரு மாதம் கழித்துக் கேட்கலாம், ஏத்தன் வாழையென்றால் ஏறத்தாழ ஓராண்டு, மிளகென்றால் மூன்றாம் ஆண்டு. (படித்தீர்களா என்று வாரந்தோறும் கேட்பது நட்புக்கு நல்லதன்று.) கேட்கும்போது ‘நூல் பிடித்ததா?’ என்பதைவிட, ‘எந்தப் பக்கத்தைப் பின்பற்றினீர்கள், எங்கே அது நம் ஊருக்கு ஒத்துவரவில்லை?’ என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். அந்தப் பதிலை ஊர்ப் பெயரோடும் மாதத்தோடும் உங்கள் பட்டியலில் அந்த நூலுக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். தோவாளையில் தோல்வியடைந்த அறிவுரை குலசேகரத்தில் வெற்றி பெற்றிருக்கலாம். ஆகவே ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக நூலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாமல், எந்தப் பகுதிக்கு அதை இனிச் சொல்வதில்லை என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்து வருபவருக்கு இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.